பிள்ளை எழுதும் கணக்கு



குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுத்தான். பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுகிறதா, ஐந்தருவியில் ஐந்து கிளையும் விழுகிறதா என்று வெளியூரார் விசாரிப்பார்கள். நம் விவசாயிகளோ அதை அவ்வளவாய் விசாரிப்பதில்லை. அவர்கள் குளக்கரையில் ஏறி நின்று, மடையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். மலையில் இரவெல்லாம் கொட்டியிருக்கலாம். வருகிற கால் தூர்ந்து கிடந்தால் குளம் மறுகால் பாயாது. பயிருக்குப் பாய்கிறது குளத்தில் வந்து சேர்ந்த தண்ணீர்தான்.

பெற்றோர் பிள்ளைகள்மேல் வைத்திருக்கும் அன்பைப் பற்றி உங்களோடு பேச நினைத்தபோது இந்தக் குளம்தான் என் ஞாபகத்துக்கு வந்தது. உங்கள் நெஞ்சில் பெய்கிற மழை எவ்வளவு என்று சர்வேசுரன் அறிவார், நீங்களும் அறிவீர்கள். பிள்ளையின் மனதில் வந்து சேர்ந்தது எவ்வளவு? அதை யாரிடம் கேட்பது?

பிள்ளையிடமே கேட்கவேண்டும் என்கிறது மனோதத்துவ சாஸ்திரம். கேட்பதற்கென்று அளவுகோல்களும் செய்து வைத்திருக்கிறார்கள். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆன் ரோ என்ற அம்மையாரும் மார்வின் சீகல்மன் என்பவரும் அப்படி ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். அதைத் தழுவி நம் தேசத்துப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி நளினி ராவ் என்ற அம்மையார் ஒன்று செய்தார். 1989-இல் அது ஆக்ராவில் அச்சாகி வெளிவந்தது. இன்றைக்கும் நம் நாட்டுக் கல்லூரிகளில் பிள்ளைகளைப் பற்றி ஆராய்கிறவர்கள் அதைக் கையாளுகிறார்கள்.

அதில் 100 வாக்கியங்கள் இருக்கின்றன. பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள், ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்து, இது என் தகப்பனாருக்கு எப்போதும் பொருந்தும் என்றால் 5, மிக அபூர்வமாய்த்தான் பொருந்தும் என்றால் 1, நடுவில் உள்ளதற்கு 4, 3, 2 என்று எண் போடவேண்டும். பிறகு அதேபோலத் தாயாருக்கும் தனியாகப் போடவேண்டும். தகப்பனும் தாயும் ஒன்றுதானே என்று சேர்த்து எண்ண விடுவதில்லை. அது எவ்வளவு சரி என்பதை, ஒரே வீட்டில் அப்பாவிடம் வாய் திறவாமல் அம்மாவிடம் ஓயாமல் பேசுகிற பையன்களைப் பெற்ற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நூறு வாக்கியங்களும் பத்து வகையாய்ப் பிரிகின்றன. பாதுகாத்தல், அன்பு செய்தல், ஒதுக்குதல், கவனியாமல் விடுதல், பாராமுகமாயிருத்தல், கண்டித்து எதிர்பார்த்தல் இவை ஆறு. மற்ற நான்கும் பரிசையும் தண்டனையையும் பற்றியவை. அங்கேதான் நான் வாசிப்பதை நிறுத்தி யோசித்தேன். பரிசில் இரண்டு விதம் என்கிறார்கள்: பொருளாய்க் கொடுக்கும் பரிசு ஒன்று, பாராட்டும் அரவணைப்புமாய்க் கொடுக்கும் பரிசு மற்றொன்று. தண்டனையிலும் அப்படியே. அடிப்பது, கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வது ஒரு விதம். நாலு பேர் முன்பாக வெட்கப்படுத்துவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, அன்பை நிறுத்தி வைப்பது மற்றொரு விதம்.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பரீட்சையில் மார்க் குறைந்த மகனோடு நாலு நாள் பேசாமல் இருக்கிற தகப்பன், 'நான் அவனைத் தொட்டு அடித்ததே கிடையாது, சாமி' என்று என்னிடம் பெருமையாய்ச் சொல்லுவார். அவர் சொல்வது மெய்தான். ஆனால் அந்த நாலு நாளும் பையன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே என்ன கணக்குப் போட்டான் என்பது அவருக்குத் தெரியாது. அதுபோலவே வளைகுடா நாட்டில் வேர்வை சிந்துகிற தகப்பன் பிள்ளைக்கு விலையுயர்ந்த செல்போன் அனுப்புகிறார். பிள்ளை அதைப் பொருளால் வந்த பரிசு என்ற கட்டத்தில் நேர்மையாய் 5 என்று எழுதிவிடும். பக்கத்துக் கட்டத்தில் என்ன எழுதும்?

இதைக் கேட்டதும் உங்களில் சிலருக்குக் கோபம் வரும். பிள்ளை பெற்றோருக்கு மார்க் போடுவதா, இது நான்காம் கற்பனைக்கு விரோதமல்லவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தாய் தந்தையைச் சங்கிக்க வேண்டும் என்ற கற்பனை ஒருநாளும் மாறாது. ஆனால் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருப்பதற்குச் சங்கை என்று பேர் அல்ல. அது பல சமயம் பயம், சில சமயம் வெறுப்பு. அன்றியும் இந்த வினாத்தாளில் தேறினவர், தவறினவர் என்று இல்லை. ஒவ்வொரு வகையிலும் ஆகக் குறைந்தது 10, ஆகக் கூடினது 50 வரும். பெற்றோர் நல்லவரா கெட்டவரா என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. பிள்ளைக்கு எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் சொல்லுகிறது.

பிள்ளைக்கு எப்படித் தெரிந்தால் என்ன, உண்மை உண்மைதானே என்பீர்களாகில், சேசுநாதர் சொன்ன உவமையில் மூத்த மகனைக் கவனியுங்கள். ஊதாரி மகனைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். மூத்தவனைப் பற்றி அவ்வளவு கேட்டதில்லை. அவன் ஊரை விட்டு ஓடவில்லை, சொத்தை அழிக்கவில்லை. வயலிலிருந்து வீட்டுக்கு வருகிறான், உள்ளே ஆட்டமும் பாட்டுமாயிருக்கிறது, வாசலிலேயே நின்றுவிடுகிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைத்தபோதுதான், இத்தனை வருஷமாய் அவன் மனதுக்குள் எழுதி வைத்த கணக்கு வெளியே வருகிறது: அடிமைபோல் உழைத்தேன், சிநேகிதரோடு சந்தோஷமாயிருக்க ஓர் ஆட்டுக்குட்டிகூட நீர் எனக்குத் தந்ததில்லை என்கிறான். தகப்பனோ, தனக்குள்ளது எல்லாம் அவனுடையதுதான் என்கிறார். யார் சொல்வது பொய்? ஒருவரும் பொய் சொல்லவில்லை. சொத்து முழுவதும் மகனுக்குத்தான் என்று தகப்பன் நினைத்திருந்தார். ஓர் ஆட்டுக்குட்டியும் வரவில்லை என்று மகன் எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தகப்பன் 'உன் கணக்குத் தப்பு, ரசீதைக் கொண்டு வா' என்று வாதாடவில்லை. அவர் செய்த முதல் காரியம், பந்தியை விட்டு எழுந்து வெளியே வந்தது.

கனெக்டிகட் சர்வகலாசாலையில் ரொனால்ட் ரோனர் என்ற மனித இன ஆராய்ச்சியாளர் இந்த ஒரு விஷயத்துக்கே தம் ஆயுளைச் செலவிட்டார். மஞ்சுஸ்ரீ சாக்கி சர்க்கார் என்ற அம்மையாரோடு சேர்ந்து வங்காளத்துக் கிராமம் ஒன்றின் தாய்மாரையும் பிள்ளைகளையும் பற்றி 1988-இல் ஒரு புத்தகமே வெளியிட்டிருக்கிறார். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் பல தேசங்களில் கண்டது இதுதான்: பெற்றோர் தன்னை ஏற்றுக்கொள்ளவில்லை என்று உணருகிற பிள்ளை எந்த நாட்டிலும் எந்த ஜாதியிலும் ஏறக்குறைய ஒரே விதமாய் வாடுகிறது. கோபம் மிஞ்சும், அல்லது மனம் மரத்துப்போகும். தன்னைத் தானே தாழ்வாய் எண்ணும். உலகமே பொல்லாதது என்று நினைக்கும்.

கண்டிப்பு வேண்டாமென்று இதற்கு அர்த்தமல்ல. 1985-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், கொரியா தேசத்து இளவயதுப் பிள்ளைகள் பெற்றோரின் கண்டிப்பை அன்போடு சேர்த்தே உணர்ந்ததாகவும், அமெரிக்காவில் வளருகிற பிள்ளைகள் அதே கண்டிப்பைப் பகையோடு சேர்த்து உணர்ந்ததாகவும் கண்டார்கள். ஒரே கண்டிப்பு இரண்டு இடத்தில் இரண்டு விதமாய்ப் போய்ச் சேருகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் எந்தப் பக்கம்? ஐம்பது வருஷத்துக்கு முன் என்றால் கொரியா பக்கம் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். இன்றைக்குக் கையில் செல்போனோடு வளருகிற பிள்ளை எந்தப் பக்கம் நிற்கிறது என்று நீங்களாக ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஆறுதல் சொல்லுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் கிட்ஸ் என்னும் தீவில் பிள்ளைகளிடம் கேட்டு 1991-இல் வெளியிட்டதைப் பார்த்தால், அடி அதிகப்பட அதிகப்பட, தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்ற உணர்வும் பிள்ளைக்கு அதிகப்படுகிறது; அந்த உணர்வுதான் உள்ளே போய் அறுக்கிறது. அர்ச். சின்னப்பர் கொலோசையருக்கு எழுதின நிருபத்தில், பிள்ளைகளைச் சினமூட்ட வேண்டாமென்று தகப்பன்மாருக்குச் சொல்லி, அவர்கள் மனம் சோர்ந்துபோவார்கள் என்று காரணமும் சொன்னது இதையே.

இனி நான் சொல்லப்போவது எனக்கு வெட்கமான விஷயம். இருந்தாலும் சொல்லவேண்டும்.

சில வருஷங்களுக்கு முன், வேறொரு பங்கில் இருந்தபோது, இந்த அளவுகோலைப் பற்றி வாசித்த ஆர்வத்தில், நானாகப் பத்துக் கேள்வி எழுதி ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். பேர் எழுத வேண்டாம், சாமியைத் தவிர ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று வாக்கும் கொடுத்தேன். பிள்ளைகள் நம்பி எழுதினார்கள். ஒரு தாளில், 'அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. சொளவைப் பார்த்துத்தான் பேசுவார்கள்' என்று இருந்தது. பேர் இல்லை. ஆனால் கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து. பீடி சுற்றுகிற ஊர்கள் நம் பக்கத்தில் அநேகம் இருப்பதால் ஊர் எது என்று நீங்கள் தேட வேண்டாம்.

அந்தத் தாய் நல்லவர். மடியில் சொளவும், அதில் இலையும் தூளுமாய், விடிந்தது முதல் இருட்டும் வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் சுற்றுகிறவர். ஆயிரம் பீடி கணக்கு முடியாவிட்டால் கூலி இல்லை. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரைத் தனியே அழைத்து, மகளோடு கொஞ்சம் முகம் பார்த்துப் பேசம்மா என்றேன். ஏன் சாமி, அவள் ஏதும் சொன்னாளா என்று கேட்டார். நான் மழுப்பினேன். என் மழுப்பலே அவருக்குப் போதுமாயிருந்தது. 'யாருக்காக சாமி இந்தச் சுத்து சுத்துறேன்?' என்று கேட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அதன்பின் நான் எந்தத் தாளைக் கொடுத்தாலும் வெற்றுத் தாளாகவே திரும்பி வந்தது. பாவசங்கீர்த்தனத்தின் ரகசியத்துக்காக உயிரைக் கொடுத்த குருக்களைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற நான், ஒரு பிள்ளை நம்பிக் கொடுத்த நோட்டுத் தாளின் ரகசியத்தைக் காக்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். 'பரவாயில்லை சாமி' என்றாள். பெரியவர்கள் தவறு செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகள் வேறென்ன சொல்ல முடியும்?

ஆகையால்தான் இந்த அளவுகோல்களைப் பக்குவம் தெரிந்தவர்கள் கையில் விடவேண்டும் என்கிறேன். எழுதின தாளைப் பூட்டி வைக்கத் தெரியாதவன் கேட்கவே கூடாது. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது பிள்ளை எழுதுகிற பதிலுக்கும் மதிப்பில்லை. நேற்று திட்டு வாங்கின பிள்ளை இன்றைக்கு எல்லாவற்றுக்கும் 1 போடும். நாளைக்குப் புதுச்சட்டை வந்தால் 5 போடும். அதனால்தான் ஒரே கேள்வியோடு விடாமல் நூறு கேட்கிறார்கள்.

ஆனால் நம்மை நாமே கேட்டுக்கொள்ளத் தடையில்லை. ஆஸ்திரேலியாவில் கோர்டன் பார்க்கர் என்ற வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் 1979-இல் பெரியவர்களுக்கென்று ஒரு தாள் செய்தார்கள். கேள்விகள் 25-தான். வளர்ந்தவர்கள், தாங்கள் பதினாறு வயது வரைக்கும் தாயும் தகப்பனும் தங்களிடம் எப்படியிருந்தார்கள் என்று நினைவுபடுத்தி எழுதவேண்டும். பரிவு எவ்வளவு, கட்டிப்போட்டது எவ்வளவு என்று இரண்டு கணக்கு வரும்.

ஒரு மத்தியானம் அறையில் உட்கார்ந்து, காலஞ்சென்ற என் தகப்பனாருக்காக அதை நான் எழுதிப் பார்த்தேன்.

அப்பா கொத்தனார். நான் சிறு குருமடத்தில் இருந்தபோது மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவார். பழைய பேப்பரில் பொட்டலம் கட்டின காராச்சேவு கொண்டு வருவார். 'நல்லாருக்கியா?' என்பார். 'சாப்பாடு எப்படி?' என்பார். அதன்பிறகு அரைமணி நேரம் பெஞ்சில் பேசாமல் இருந்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார். மற்றப் பையன்களின் தகப்பன்மார் முதுகைத் தட்டிச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் எழுதின தாளில், என் கஷ்டத்தைப் புரிந்துகொண்டாரா, மனம் விட்டுப் பேசினாரா என்ற கேள்விகளுக்கெல்லாம் ஆகக் குறைந்த எண்தான் விழுந்தது. கூட்டிப் பார்த்தபோது எனக்கே சங்கடமாயிருந்தது.

விடுமுறைக்குப் போனபோது என் அக்காவிடம் அந்தக் கேள்விகளை வாய்ப்பேச்சாய்க் கேட்டேன். அவள் அதே தகப்பனுக்கு ஏறக்குறைய முழு எண்ணும் போட்டாள். ஒரு வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரே பெற்றோர் வேறு வேறாய்த் தெரிவதைப் பற்றி டெனிஸ் டேனியல்ஸ், ராபர்ட் பிளோமின் என்பவர்கள் 1985-இல் ஒரு தனி வினாத்தாளே செய்திருக்கிறார்கள் என்று வாசித்திருக்கிறேன். ஆனாலும் என் வீட்டிலேயே அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. கடைசியில் அக்கா சொன்னாள்: 'ஒனக்குத் தெரியாதா? பஸ்ஸுக்கு வச்சிருந்த காசுலதான் அப்பா ஒனக்குச் சேவு வாங்குவாங்க. திரும்பும்போது பாதி தூரம் நடந்துதான் வருவாங்க.'

எனக்குத் தெரியாது. பதினாலு வயதில் அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் எழுதின எண்ணை அடித்துத் திருத்தவும் இல்லை. ஏனென்றால் அந்த வயதில் எனக்கு வந்து சேர்ந்தது அவ்வளவுதான். அக்கா சொன்னதும் பொய்யல்ல. அர்ச். சூசையப்பர் பேசின ஒரு வார்த்தையும் சுவிசேஷத்தில் எழுதப்படவில்லை. பேசாத தகப்பன்மாருக்கு அவரைப் பாதுகாவலர் என்று நானும் ஆறுதலாய்ச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் பட்டறையில் பிள்ளை கூடவே நின்றிருக்கும். என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கும். நம் காலத்துத் தகப்பன்மாரின் பட்டறை கேரளாவிலும் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறது. பார்க்க முடியாத பிள்ளைக்கு யாராவது வாயால் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே வினாத்தாள் ஒன்றும் உங்கள் வீட்டுக்கு நான் அனுப்பப் போவதில்லை. ஒரு காரியம் மட்டும் கேட்கிறேன். இந்த வாரத்தில் ஒருநாள், பிள்ளையோடு தனியாய் இருக்கும்போது, 'அப்பா செய்கிறதில், அம்மா செய்கிறதில், உனக்குக் கஷ்டமாயிருக்கிறது என்ன?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாதிருங்கள். இதுதான் கடினம். 'உனக்கு என்ன குறை வைத்தேன்' என்று நம் வாய் உடனே புறப்பட்டுவிடும். தேவமாதா மூன்று நாள் தேடிக் களைத்து, பிள்ளையைத் தேவாலயத்தில் கண்டபோது, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். வந்த பதில் அவர்களுக்கும் சூசையப்பருக்கும் விளங்கவில்லை என்று அர்ச். லூக்காஸ் ஒளிக்காமல் எழுதுகிறார். விளங்காத அந்தப் பதிலை அவர்கள் மனதில் வைத்துக்கொண்டார்கள். வாதாடவில்லை.

பிள்ளை சொல்வது அன்புக் குறைவைப் பற்றியல்ல, யாரோ தன்னைத் துன்புறுத்துவதைப் பற்றி என்றால், அப்போது மனதில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அது வீட்டில் உள்ளவரானாலும், பள்ளியில் உள்ளவரானாலும், கோவிலைச் சேர்ந்தவரேயானாலும், 1098 என்ற எண்ணுக்குப் பிள்ளைகளே போன் செய்யலாம், நீங்களும் செய்யலாம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

போன சீசனில் நம் பங்கைச் சேர்ந்த ஒருவரிடம் இதையே சொன்னேன். அவர் அனுமதியோடு எழுதுகிறேன். அன்று இரவே மகளிடம் கேட்டாராம். 'ஒண்ணுமில்லப்பா' என்று சொல்லிவிட்டு அவள் படுக்கப் போய்விட்டாளாம். மூன்று நாள் கழித்து அவளை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் குற்றாலத்துக்குப் போயிருக்கிறார். இலஞ்சி தாண்டினதும், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, 'அப்பா, தம்பியை மட்டும் பேரைச் சொல்லிக் கூப்பிடுறீங்க. என்னை ஏய், ஏய்னுதான கூப்பிடுறீங்க' என்றாளாம்.

'வண்டிய நிறுத்திட்டேன், சாமி' என்றார் என்னிடம்.

'நிறுத்திவிட்டு?'

'என்ன சொல்லன்னே தெரியல. பக்கத்துல டீக்கடை இருந்துச்சு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு டீ குடிச்சோம். அவ பேரைச் சொல்லி, உனக்கு வடை வேணுமான்னு கேட்டேன்.'